இருபத்தெட்டு டிகிரி

கருமட்டம் முகாமில் இருப்பவர்கள் மற்ற மனிதர்களைவிட அதிகமாக எரிகிறார்கள் என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எரிவது என்பது அந்த அலுவலகத்தில் பழகிப்போன சொல். மனிதன் கையைக் காலை ஆட்டாமல் சும்மா படுத்திருந்தாலும் அவன் உடம்பு உள்ளே ஓர் அடுப்பை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதயம் துடிக்க, மூச்சு ஓட, ரத்தம் சூடு தணியாமல் இருக்க என்று நாளொன்றுக்கு இத்தனை கலோரி அதற்கு வேண்டும். கடல் உள்ளே வந்து டெல்டாவில் பாதி நிலம் உப்பாகிப்போன பிறகு, இருக்கிற தானியத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. சத்தம் போடுகிறவனுக்கு அதிகம், கூச்சப்படுகிறவனுக்குக் குறைவு என்று ஆகிவிடக் கூடாது. ஆகவே உடம்பு எவ்வளவு எரிக்கிறதோ அவ்வளவு கொடுப்போம் என்று முடிவானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் மூச்சுமானியின் கீழ் தலையை வைத்துப் படுக்க வேண்டும். இழுக்கிற மூச்சையும் விடுகிற மூச்சையும் பார்த்து அது ஓர் எண்ணைச் சொல்லும். எண் அட்டையில் ஏறும். அட்டைக்கு ஏற்ற அரிசி, பருப்பு, எண்ணெய். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

டெல்டாவிலிருந்து வந்தவர்களுக்கு மலையில் ஒன்பது முகாம்கள். எட்டு முகாம்களில் எண்கள் அண்ணன் தம்பிபோல ஒத்துப்போயின. ஒன்பதாவதான கருமட்டத்தில் மட்டும், எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாரத்திலிருந்து, வந்து படுத்த ஆண் பெண் எல்லோருடைய எண்ணும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. ஏறியது இறங்கவில்லை.

சோதிக்க அனுப்பப்பட்டவர் இருதயராஜ். தஞ்சாவூர்க்காரர், ஐம்பத்தேழு வயது. அளவுத் துறையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அத்தனை வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவர் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. காலையில் சொல்லும் ஜெபத்தின் மீதிப் பாதியைத் தான் அலுவலகத்தில் சொல்வதாக அவருக்கு ஓர் எண்ணம். அளவு எடுப்பதற்கான நான்கு விதிகளை எழுதியவரும் அவர்தான். வெறும் வயிறு. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருத்தல். மெல்லிய பருத்தித் துணி மட்டும், போர்வை கூடாது. அறையில் இருபத்தெட்டு டிகிரி வெப்பம்.

யாரோ எண்ணைக் கூட்டிப் போடுகிறார்கள் என்றுதான் அலுவலகம் நினைத்தது. அது உண்மையானால் அளவெடுக்கும் ஆளை வேலையிலிருந்து எடுத்து முகாமை விட்டு இறக்க வேண்டும்; அறுநூறு பேரின் அட்டையிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் உத்தரவு தட்டச்சாகி அவர் பையில் இருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இருதயராஜ் ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம். வண்டிக்காரர் வழியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்த டீயைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு முகாமில் இறங்கினார். வரிசையாகத் தகரக் கொட்டகைகள். சாக்கைத் தோளில் போர்த்திக்கொண்டு ஆட்கள் வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்றார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள்.

அளவு அறையின் கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“சார், கதவச் சாத்திட்டு வாங்க. உள்ள இருக்கற குளுரே எங்களுக்குப் போதும்.”

“பேசக் கூடாதுண்ணே. இருபது நிமிசம் வீணாப் போச்சு. மறுபடி மொதல்லேருந்து படுக்கணும்” என்றாள் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்.

“படுக்கறேன். கடலுக்குப் போயி வாங்குன மூச்ச இப்புடிக் கண்ணாடிக்குள்ள விட்டு அரிசி வாங்குறேன். எங்கப்பன் இருந்தா சிரிச்சே செத்துருப்பான்.”

கட்டிலில் கிடந்தவர் கலியபெருமாள். ஐம்பது வயதைத் தாண்டிய மீன்பிடிக்காரர். தலை முழுவதையும் மூடிய கண்ணாடிக் கவிழ்ப்புக்குள்ளிருந்து கண்ணை மட்டும் திருப்பி வந்தவரைப் பார்த்தார். அந்தக் கவிழ்ப்பை முகாமில் யாரும் மூச்சுமானி என்று சொல்வதில்லை. கோழியை மூடிவைக்கிற கூடையின் பெயரைச் சொல்லிப் பஞ்சாரம் என்றுதான் சொன்னார்கள். நாளைக்குப் பஞ்சாரத்தில் படுக்க வேண்டும், ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடி என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கும்.

ஸ்டூலில் இருந்தவள் அஞ்சலாட்சி. நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள்; முகாமுக்கு வந்த நாளிலிருந்து இந்த மெஷின் அவள் பொறுப்பு. நாற்பது வயதுதான் இருக்கும். முழங்கை எலும்பு தனியாகத் தெரிந்தது. இருதயராஜ் தன் அட்டையைக் காட்டியதும் எழுந்து நின்றாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எட்டு மாதமாக எதிர்பார்த்த ஆளைப் பார்க்கிற முகம்.

அவர் முதலில் அறையைப் பார்த்தார். சுவரில் வெப்பமானி பதினான்கு என்று காட்டியது. ஜன்னலடியில் சிமெண்டுத் தரையில் நான்கு திருகு ஓட்டைகள் சதுரமாக இருந்தன. துருவின் கறை இன்னும் போகவில்லை.

“இங்க ஒரு ஹீட்டர் இருந்திருக்கணுமே அம்மா?”

“இருந்துச்சுங்க சார்.”

“எங்கே?”

“பிள்ளப்பேறு கொட்டாயில இருக்கு. நான்தான் கழட்டிக் கொண்டுபோயி வச்சேன். எட்டு மாசம் ஆவுது.”

பஞ்சாரத்துக்குள்ளிருந்து, “சார், நானும் ஒரு கை புடிச்சேன். எழுதறதா இருந்தா என் பேரையும் எழுதிக்குங்க” என்றார் கலியபெருமாள்.

“அண்ணே!”

“மொதல்லேருந்துதானே படுக்கணும்? தெரியும், தெரியும்.”

மறுபடி அரை மணி ஓடி முடிந்ததும் திரையில் எண் வந்தது. ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. இருதயராஜ் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். குழாய், வடிகட்டி, எடைக்கல் மாதிரி அதற்கென்று இருக்கும் சோதனை வாயு, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். ஒரு தூசிகூட இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு மெஷினை அவர் தலைமை அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

“ஹீட்டரை ஒரு மணி நேரம் இங்க கொண்டுவர முடியுமா? இவரை இருபத்தெட்டுல ஒரு தடவை அளந்து பார்த்துடலாம்.”

“முடியாதுங்க.” அஞ்சலாட்சி மெதுவாகத்தான் சொன்னாள். “அங்க அஞ்சு பிள்ளைங்க இருக்கு. ஒண்ணு பொறந்து எட்டு நாளுதான் ஆவுது. என்ன எழுதணுமோ எழுதிக்குங்க. ஒரு மணி நேரம் தர மாட்டேன்.”

அதிகாரியிடம் அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை என்பது கையைப் பிசைந்ததில் தெரிந்தது. இருதயராஜுக்குக் கோபம் வரவில்லை. மெஷினுக்கு அடியில் சக்கரம் இருப்பதை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

“சரி. ஹீட்டர் வர வேண்டாம். நாம போவோம்.”

பிள்ளைப்பேற்றுக் கொட்டகையில் தாய்மார்கள் குழந்தைகளோடு இருந்தார்கள். மெஷினை உருட்டிக்கொண்டு அஞ்சலாட்சியும், வெறும் வயிற்றோடு முணுமுணுத்துக்கொண்டு கலியபெருமாளும், பின்னால் ஸ்வெட்டர் போட்ட ஓர் அதிகாரியும் நுழைவதைப் பார்த்து அவர்கள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். தையல்நாயகி என்ற இளம்பெண் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “என்னா மாமா, மறுபடியும் பொறக்க வந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாண்டி. இந்தத் தடவ கலெக்டர் வீட்டுல பொறக்கலாம்னு பாக்கறேன்.”

பெண்கள் சிரித்தபடி வெயிலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைகள் மட்டும் தூளியில் கிடந்தன. கலியபெருமாள் நடுவில் ஒரு பெஞ்சில் படுத்தார். ஹீட்டர் மெல்லிய சத்தத்தோடு ஓடியது. சற்று நேரத்தில் இருதயராஜ் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு குழந்தை அழுதபோது கலியபெருமாளின் கால் விரல் தூளிக் கயிற்றை நோக்கி நகர்ந்தது. அஞ்சலாட்சி முறைத்ததும் நின்றுவிட்டது.

ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

“என்னா சார், எரநூத்தம்பது எங்க போச்சு? வழியில கீழ போட்டுட்டனா?”

“கீழே போடலை. இங்க உங்க உடம்புக்கு அந்த வேலை இல்லை.” இருதயராஜ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். “இந்த மாதிரி சூட்டுல மெல்லிசா துணி கட்டிக்கிட்டுப் படுத்தா, உடம்பு தன்னோட அன்றாடக் காரியத்தை மட்டும் பார்த்தா போதும். குளிர் ஏறினா, சூடு வெளியே போய்க்கிட்டே இருக்கும். போன சூட்டை ஈடு பண்ண உள்ள அடுப்பை ஏத்தும். முதல்ல நமக்குத் தெரியாமலே ஏத்தும். அதுக்கப்புறம்தான் நடுக்கம்.”

“அப்ப ராத்திரி பூரா நான் தூங்கறதா நெனச்சுக்கிட்டு வெறகு பொளந்துக்கிட்டு இருக்கேன்?”

“அப்படித்தான் வச்சுக்குங்க.”

“கொல்லையில கட்டிப் போட்ட மாட்டுக்குக்கூட அது தெரிஞ்சிருக்கும் சார். அதுவும் ஒண்டிக்கிட்டுதான் படுக்குது.” கலியபெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டு கஞ்சி வரிசைக்குப் போனார்.

மெஷினைத் திரும்ப உருட்டிக்கொண்டு வரும்போது அஞ்சலாட்சி தானாகவே சொன்னாள். தையல்நாயகியின் குழந்தை பிறந்த வாரம் அது. மூன்றாம் நாள் குழந்தை நீலம் பாய்ந்துவிட்டது. பாலும் குடிக்கவில்லை, அழவும் இல்லை. முகாம் முழுவதிலும் ஒரே ஒரு ஹீட்டர்தான் உண்டு. கொட்டகைகளுக்கு ஹீட்டர் இரண்டாம் கட்டத்தில் வரும் என்று காகிதத்தில் இருந்தது. இரண்டாம் கட்டம் வரவில்லை. அளவு அறைக்கு மட்டும் வந்துவிட்டது. ஏனென்றால் விதியில் இருபத்தெட்டு டிகிரி என்று இருந்தது.

“மத்தியானம் மூணு மணிக்குக் கழட்டுனோம். சாயங்காலம் பிள்ள அழுதுச்சு சார். அந்த அழுகயக் கேட்டு எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. மறுநாளு அளந்தா எல்லாருக்கும் எண்ணு ஏறுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மெஷினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்பறம் வெப்பமானிய எடுத்துக்கிட்டு விடியகாலைல கொட்டாய் கொட்டாயாப் போனேன். எல்லா எடத்துலயும் பதிமூணு, பதினாலு. அளவு ரூம்புலயும் பதினாலு. ரெண்டும் ஒண்ணு.”

“அப்ப விதியை மீறினது தெரிஞ்சுதான் செஞ்சிருக்கே.”

“தெரியும் சார். ஆனா பொய் எண்ணு போடல. இவங்க படுக்கறது பதினாலுல. பதினாலுலதானே அளக்கணும்? வருசத்துல நாலே நாளு, அர மணி நேரம் கதகதப்பாப் படுக்க வச்சு அளந்துட்டு, மீதி நாளெல்லாம் குளுருல போடறதுதான் எனக்குப் பொய்யாத் தெரிஞ்சிச்சு.” சக்கரம் கல்லில் மாட்டியது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கேட்டாள். “இருபத்தெட்டுன்னு யாரு சார் எழுதுனது?”

இருதயராஜ் நின்றார்.

“நான்தான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“தஞ்சாவூர்ல எங்க ஆய்வுக்கூடம். ஜன்னலைத் திறந்து வச்சா இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். மனுஷங்க இருக்கற இடம்னா அவ்வளவு சூடு இருக்கும்னு எழுதிட்டேன். ஹீட்டர் வேணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

குளிர் என்பது தஞ்சாவூரில் வளர்ந்தவருக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகும்போது காதில் கட்டிக்கொள்கிற துண்டோடு முடிந்துபோகிற விஷயம். முகாம்களை மலைக்கு மாற்றியபோது விதியை யாரும் மாற்றவில்லை. விதி சரியாக இருந்தது. மனிதர்கள்தான் இடம் மாறியிருந்தார்கள்.

அளவு அறையில் அவர் மேஜையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். உத்தரவு இரண்டும் மேலாக இருந்தன. அவற்றுக்கு அடியில் மற்ற எட்டு முகாம்களின் அறிக்கைகள். எட்டிலும் விதிப்படி அளவு அறையில் ஹீட்டர் ஓடுகிறது. எட்டிலும் விதிப்படி எண் குறைவாக இருக்கிறது. எட்டிலும் மக்கள் பதினான்கில் படுக்கிறார்கள். மூன்று வருடத்தில் அங்கே இறந்தவர்களின் பட்டியலில் ‘தளர்ச்சி’ என்ற தலைப்பில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், உணவு போதுமான அளவில் வழங்கப்படுகிறது என்று ஒரு வரி. அதன் கீழ் அவருடைய கையெழுத்து. அழகான கையெழுத்து என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது. தலைமை அலுவலகத்தின் அளவு அறையில் ஏசி ஓடும். இருபதுக்கு மேல் வைத்தால் பெரிய அதிகாரிகளுக்கு வியர்க்கும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. அங்கே எடுத்த எண்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. நல்ல ஆகிருதி உள்ளவர்கள், அதனால் இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அட்டையில் இருக்கும் எண்ணும் அந்த அறையில் எடுத்ததுதான். அங்கே இதுவரை யாரும் சோதனைக்குப் போகவில்லை.

அவர் வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார். முதல் வரி: நான்காம் விதியில் உள்ள பிழை என்னுடையது. அதற்குப் பிறகு எழுதுவது கடினமாக இல்லை. மக்கள் எந்த வெப்பத்தில் படுக்கிறார்களோ அந்த வெப்பத்தில்தான் அளக்க வேண்டும். ஒன்பது முகாம்களிலும் மறுபடி அளக்க வேண்டும். தானியம் போதாதென்றால் ஆளுக்கு ஒரு கம்பளியாவது உடனே அனுப்ப வேண்டும், ஏனெனில் ஒரு கம்பளி நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி அரிசிக்குச் சமம். தலைமை அலுவலகத்தின் எண்களையும் திருத்த வேண்டும், என்னுடையது உட்பட. முப்பத்தொரு பெயர்களையும் அவர் பார்த்து எழுதிச் சேர்த்தார். சோதனை அறிக்கையில் ஹீட்டர் என்ற இடத்துக்கு நேரே, ‘இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது’ என்று எழுதினார். பழைய உத்தரவுகள் இரண்டையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. சோதனைக்கு வருபவர் அளவெடுக்கும் ஆளையும் அளந்துவிட்டுப் போக வேண்டும். தன்னைத் தானே அளந்துகொள்ள அனுமதி கிடையாது.

“உன் அட்டையைக் கொடும்மா.”

அட்டையில் ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று இருந்தது. தேதி மூன்று வருடத்துக்கு முந்தியது. மலைக்கு ஏறும் முன், சமவெளியில் எடுத்தது.

“இது பழைய எண். இந்தக் குளிர்ல உனக்கு ஆயிரத்து நானூறாவது வரணும். யாரையாவது விட்டு அளந்திருக்கலாமே?”

“இந்த மெஷினு வேற யாருக்கும் தெரியாது சார். நானே எனக்கு எண்ணு போட்டுக்கிட்டா, நாளைக்கி ஊருக்குப் போடற எண்ண எவனும் நம்ப மாட்டான்.” அவள் சிரித்தாள். “எனக்குப் பெரிசாப் பசிக்கிறதும் இல்ல.”

“காலையில சாப்பிட்டியா?”

“ஆளுங்க எல்லாம் வெறும் வயித்தோட வந்து படுக்கறாங்க. நான் மட்டும் தின்னுட்டு வந்து உக்காந்தா நல்லா இருக்காது. மத்தியானம் குடிப்பேன்.”

தினமும் எட்டுப் பேருக்கு இந்தப் பதினான்கு டிகிரியில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை இருதயராஜ் கணக்குப் போடாமலே புரிந்துகொண்டார். படுக்கச் சொன்னார். கண்ணாடியைக் கவிழ்த்தார். அரை மணி நேரம் அவள் அசையவே இல்லை. படுத்திருப்பதே பெரிய விருந்து என்பதுபோலக் கண்ணை மூடிக் கிடந்தாள். உள்ளே கண்ணாடியில் பனி படரக்கூட இல்லை. மூச்சு அவ்வளவு மெல்லியதாக இருந்தது.

திரை ஆயிரத்து எண்பது என்று காட்டியது.

அவர் இரண்டு முறை பார்த்தார். சமவெளியின் சூட்டில் இருந்ததைவிடக் குறைவு. குளிரில் ஏற வேண்டிய எண் இறங்கியிருந்தது.

“பாத்தீங்களா சார்? நான் சொல்லல? எனக்கு இவ்வளவுதான் வேணும்.” அவள் எழுந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொன்னாள். குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. “மீதிய பிள்ளப்பேறு கொட்டாய்க்கு எழுதிக் குடுத்துருங்க.”

அவருக்குத் தெரியும். வெகுநாள் குறைவாகச் சாப்பிட்ட உடம்பு தானும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். எண்ணெய் குறைந்த வீட்டில் திரியைச் சின்னதாக்குவதுபோல இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அணைத்துக்கொண்டே வரும். மெஷின் பொய் சொல்லவில்லை. உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்று அதற்குத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்று தெரியாது. இரண்டும் ஒன்று என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அந்த முடிவை எடுத்த மேஜையைச் சுற்றி அவரும் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஏற்பாட்டில், அதிகம் கொடுத்தவளுக்குத்தான் இந்த முகாமிலேயே குறைந்த பங்கு.

அவர் கடிதத்தின் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தார். கடிதம் கீழே போகும். குழு கூடும். திருத்தம் வர மூன்று மாதமாவது ஆகும். ஆனால் திரை இப்போதே கேட்டுக்கொண்டிருந்தது: அளவை ஏற்கிறீர்களா, மறுபடி எடுக்கிறீர்களா?

இருதயராஜ் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ள ஈரம் சேர்ந்திருக்கு. இந்த எண் செல்லாது.”

ஓர் அளவைப் பற்றி அவர் தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. சொல்வது இவ்வளவு எளிது என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“ஈரமா? காலையிலதானே சார் தொடச்சேன்?”

“நான் காயவச்சு, சரிபார்த்து வைக்கிறேன். நீ போய்க் கஞ்சி குடிச்சிட்டு வா.”

“குடிச்சிட்டா மறுபடி அளக்க முடியாதே?”

“அதை நான் பார்த்துக்கறேன். போ. ரெண்டு தடவை வாங்கிக் குடி, நான் சொன்னேன்னு சொல்லு.” அவர் திரும்பப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். “வெளியே காத்து அடிக்குது. போட்டுக்கிட்டுப் போ.”

“உங்களுக்கு, சார்?”

“எனக்கு இங்க வேலை இருக்கு.”

அவளுக்கு அது முழங்கால்வரை வந்தது. வாசலில் நின்று கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டு, கஞ்சி வரிசையை நோக்கி நடந்தாள். கலியபெருமாளின் குரல் தூரத்தில் கேட்டது. “யாரு இது, ஆபீசரம்மாவா? வழி விடுங்கப்பா, வழி விடுங்க.” அஞ்சலாட்சி ஏதோ சொன்னாள். பலபேர் சிரித்தார்கள்.

இருதயராஜ் கதவைச் சாத்தினார். திரையில் ‘மறுபடி’ என்பதைத் தொட்டார். அவள் அட்டை மெஷினிலேயே இருந்தது. மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெல்லிய பனியனோடு கட்டிலில் படுத்துக் கண்ணாடியைத் தானே தலைக்கு மேல் இழுத்துக் கவிழ்த்துக்கொண்டார்.

வெறும் வயிறு, ஒருசந்தி அதற்கு உதவியது. மெல்லிய பருத்தித் துணி. அசையாமல் அரை மணி நேரம். தான் எழுதிய விதிகளில் மூன்றை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

கட்டிலின் இரும்பு முதுகில் ஏறியது. பாதம் முதலில் மரத்தது, பிறகு கை. இந்தக் குளிரில்தான் அறுநூறு பேர் நேற்றும் படுத்தார்கள், இன்றும் படுப்பார்கள். மாலை ஜெபத்தில் இதை ஆண்டவரிடம் சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கண்ணாடிக்கு வெளியே திரையில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூறு.

அது போதாது என்று அவருக்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் தாடை தானாக ஒரு முறை ஆடியது. பிறகு தோளும் தொடையும். அந்தக் கட்டிலில் படுக்கிறவர்கள் அசையக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நடுக்கத்தை அடக்குவதுதான் வழக்கம். அவர் அடக்கவில்லை. நன்றாக வரட்டும் என்று உடம்பை விட்டுக்கொடுத்துவிட்டுக் கிடந்தார்.